வாட்டர் சர்வீஸ் என்ஜின்களின் இரைச்சல்: காரணங்களும் தணிக்கும் வழிகளும்

பிரஷர் வாஷரில் இரைச்சல் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. என்ஜினின் புகைக்குழாய், காற்றை உறிஞ்சும் ஏர் ஃபில்டர், குளிர்விக்கும் ஃபேன், பிஸ்டனும் வால்வும் போடும் அடி, என்ஜின் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தின் அதிர்வு, பம்பின் துடிப்பு, கன்னிலிருந்து பீய்ச்சும் நீர், அந்த நீர் தகரத்தில் மோதும் ஓசை என்று அதற்கு எட்டு வாய்கள். எட்டும் சேர்ந்தே கேட்பதால் எது பெரியது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. கையில் அகப்பட்டதை மூடிப் பார்ப்பது, குறையவில்லை என்று விட்டுவிடுவது என்பதே பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஆனால் இந்த எட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. பெரியதை முதலில் அடக்காமல் சிறியதற்குச் செலவிடும் பணம் வீண்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த இரைச்சலை அடக்கும் கேள்விக்குத் தனி இடம் இருக்கிறது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் லாரிக்கும் முட்டைக்கும் பேர்போனது. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர் லாரிகளும், சங்ககிரியில் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இருக்கின்றன. வடக்கே போய் வந்த வண்டியின் சேசிஸில் பல மாநிலத்து மண் ஒட்டியிருக்கும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் கழுவ வேண்டும். கிரீஸ் அடிக்குமுன் கழுவ வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாட்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கழுவ வேண்டும். சாலையோரத்து வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் பெரும்பாலும் மும்முனை மின்மோட்டார்தான் பெல்ட் போட்டு பம்பைச் சுழற்றுகிறது. 2008-இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு என்ஜினையும் வைத்துக்கொள்வது தொழிலைக் காக்கும் வழியாக இருந்தது. இன்று மின்சாரம் இல்லாத பண்ணைகளிலும், வண்டி நிற்கும் இடத்துக்கே போய்க் கழுவிக் கொடுக்கும் நடமாடும் சேவைகளிலும் என்ஜின்தான் துணை.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்குப் போல நடப்பதில்லை. 90 டெசிபல் தரும் இரண்டு இயந்திரங்களை ஒன்றாக ஓட்டினால் வருவது 93. 90-உடன் 80 சேர்ந்தால் 90-ஐத் தாண்டி அரை டெசிபல்கூட ஏறாது. அதாவது பெரிய சத்தம் இருக்கும்வரை சிறிய சத்தம் கணக்கிலேயே வராது. ஓர் என்ஜினில் புகைக்குழாய் 95, ஃபேனும் உடலும் சேர்ந்து 88, காற்று உறிஞ்சும் வாய் 87 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 96-க்குச் சற்று மேல் வரும். நல்ல சைலன்சர் போட்டுப் புகைக்குழாயை 80-க்கு இறக்கினால் மொத்தம் 91-க்கு வரும். 15 டெசிபல் குறைத்ததில் கைக்குக் கிடைப்பது ஐந்துதான். இன்னும் விலை கூடிய சைலன்சர் வாங்கிப் புகைக்குழாயை 70-க்குக் கொண்டுபோனால் மொத்தத்தில் அரை டெசிபல்கூடக் குறையாது. இப்போது மேலே நிற்பவை ஃபேனும் உறிஞ்சு வாயும். சைலன்சர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற புகாரில் பாதி இந்தக் கணக்கு தெரியாததால் வருவது.

எது பெரியது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. புகைக்குழாயில் தற்காலிகமாகப் பத்தடிக் குழாயைப் பொருத்தி அதன் வாயைச் சுவருக்கு அப்பால் விட்டு, என்ஜினிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் புகையின் பங்கு தெரியும். பெல்ட்டைக் கழற்றி அதே வேகத்தில் ஓட்டினால் பம்பின் பங்கு தெரியும். கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை வழக்குக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். அளக்கும் இடமும் உயரமும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

முதல் கேள்வி என்ஜின் தேவையா என்பது. 5 எச்.பி. மூடிய வகை மின்மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓடும்போது ஒரு மீட்டரில் பொதுவாக 70 டெசிபலுக்குள் நிற்கும். என்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் இந்த எண்ணை எட்டுவது கடினம். மின்சாரம் இருக்கும் இடத்தில் என்ஜினுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடலாம். மின்சாரம் போய்ப்போய் வரும் இடத்தில் கூண்டுக்குள் அடைத்த ‘சைலன்ட்’ ஜெனரேட்டரில் மோட்டாரை ஓட்டுவது இன்னொரு வழி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார் முதல் சில நொடிகளில் ஓடும் கரண்ட்டைப் போல ஆறு மடங்குவரை இழுக்கும். அதைத் தாங்க ஜெனரேட்டரை மோட்டாரின் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வாங்க வேண்டிவரும். பம்பின் பைபாஸைத் திறந்து வைத்துச் சுமையில்லாமல் ஸ்டார்ட் செய்தால் அந்த இழுப்பு சீக்கிரம் அடங்கும்.

என்ஜின்தான் வேண்டும் என்றானபின் அடுத்தது வேகம். இதுவே மிகவும் மலிவான, மிகவும் அலட்சியப்படுத்தப்படும் வழி. ஃபேன் எழுப்பும் சத்தம் சுழற்சி வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. வேகம் பாதியானால் அது 15 டெசிபல் இறங்கும். 3,000 சுற்றை 2,400 ஆக்கினாலே ஐந்து டெசிபல் போய்விடும். நடமாடும் சேவைகளில் ஓடும் சிறு பெட்ரோல் என்ஜின்கள் 3,600 சுற்றுக்காகவே செய்யப்பட்டவை. பம்பு நேரே அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்தால் நீரும் குறையும். பெல்ட்டும் புல்லியும் உள்ள அமைப்பில் அந்தக் கட்டு இல்லை. 3,000 சுற்றில் 10 எச்.பி. தரும் டீசல் என்ஜினை 1,800 சுற்றில் ஓட்டினால் ஏறத்தாழ 6 எச்.பி. கிடைக்கும். என்ஜின் பக்கத்துப் புல்லியைப் பெரிதாக்கிப் பம்பின் வேகத்தைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். குறைந்த வேகத்தில் ஃபேன் தரும் காற்றும் குறையும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் கீழ் எல்லைக்கு அப்பால் இறங்கக் கூடாது.

இங்கே இன்னொரு தப்புக் கணக்கும் தலைகாட்டுகிறது. லாரி கழுவ எவ்வளவு அழுத்தம் வேண்டும்? பம்புக்குத் தேவையான திறன், நிமிடத்துக்கு வரும் லிட்டரை அழுத்தத்தால் (பார் கணக்கில்) பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் வரும். பம்பின் இழப்புக்கு ஏழில் ஒரு பங்கைப்போலக் கூட்டிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர், 40 பார் என்றால் 3 எச்.பி. போதும். நிமிடத்துக்கு 13 லிட்டர், 150 பார் என்றால் 5 எச்.பி. வேண்டும். சேசிஸில் காய்ந்த களிமண்ணை ஊறவைத்து அடித்துக்கொண்டு போவது நீரின் அளவு. 150 பார் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டையும் சேர்த்துக்கொண்டு போகும். அழுத்தத்தைக் குறைத்து நீரைக் கூட்டினால் சிறிய என்ஜின் போதும், அதையும் மெதுவாக ஓட்டலாம். அதிக அழுத்தம் காட்டும் மீட்டரைப் பெருமையாகப் பார்க்கும் பழக்கம்தான் இதற்குத் தடை.

இனிப் புகைக்குழாய். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். 3,600 சுற்றில் நொடிக்கு 30 வெடிப்பு. 1,500 சுற்றில் பன்னிரண்டரை. ஒவ்வொரு முறையும் வால்வு திறக்கும்போது அழுத்தத்தோடு பாயும் வாயுதான் அந்த அடி. அடிப்படைத் துடிப்பு 30 ஹெர்ட்ஸ் என்றால் காற்றில் அதன் அலைநீளம் 11 மீட்டருக்கு மேல். இத்தனை நீண்ட அலையை, என்ஜினோடு வரும் டிபன் டப்பா அளவுச் சைலன்சரால் பிடிக்க முடியாது. அது அறுப்பது மேலே உள்ள கூர்மையான ஒலிகளை மட்டுமே. சைலன்சரின் கொள்ளளவு என்ஜினின் சிசியைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். 400 சிசி என்ஜினுக்கு நான்கு லிட்டர்.

சைலன்சர் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. ஒன்று, ஒலியைத் திருப்பி அனுப்புவது. மற்றது, ஒலியை உறிஞ்சிக்கொள்வது. குறுகிய குழாய் திடீரென்று அகன்ற அறையில் திறக்கும்போது அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். குழாயின் விட்டத்தைப் போல அறையின் விட்டம் மூன்று மடங்கானால் அதிகபட்சம் 13 டெசிபல் வெட்டும்; நான்கு மடங்கானால் 18. ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஆறங்குல அறை என்பது இந்தக் கணக்கு. ஆனால் எல்லா அதிர்வெண்ணிலும் இந்த வெட்டு கிடைக்காது. 300 டிகிரி வெப்பத்தில் புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 480 மீட்டரைப் போல இருக்கும். 60 செ.மீ. நீள அறை 200 ஹெர்ட்ஸை நன்றாக வெட்டும். 400 ஹெர்ட்ஸைத் தடையே இல்லாமல் விடும். அதனால்தான் நல்ல சைலன்சருக்குள் ஒரே நீளத்தில் இரண்டு அறைகள் இருப்பதில்லை. 60-க்குப் பக்கத்தில் 40 செ.மீ. அறையை வைத்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். நுழையும் குழாயை அறையின் பாதி நீளத்துக்கும் வெளியேறும் குழாயைக் கால் நீளத்துக்கும் உள்ளே நீட்டினால் ஒலி நழுவும் இந்த ஓட்டைகள் பெருமளவு அடைபடும். இந்தக் கணிதத்தை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். எல். முஞ்சால். குழாய், சைலன்சர் ஒலியியல் குறித்து 1987-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் இத்துறையினர் எடுத்துப் பார்க்கும் நூல். கம்ப்யூட்டர் இல்லாத பட்டறைக்காரருக்கும் அதிலிருந்து தேறும் பாடம் சுருக்கமானது: அறைகளின் நீளம் சமமாக இருக்க வேண்டாம், குழாய் அறைக்குள் நீண்டிருக்கட்டும்.

கண்ணாடி இழைப் பஞ்சை ஓட்டை போட்ட குழாயைச் சுற்றி அடைப்பது உறிஞ்சும் வகை. உயர்ந்த ஒலிகளுக்கு இது நல்லது. டீசல் புகையின் கரி சில மாதங்களில் ஓட்டைகளை அடைத்துவிடும். ஆகவே அதை இரண்டாவதாக, அறைச் சைலன்சருக்குப் பின்னால் வைப்பதே முறை.

பெரிய சைலன்சருக்கு இந்த வட்டாரத்தில் எங்கும் தேட வேண்டாம். பழைய இரும்புக் கடைகளில் லாரியிலிருந்து கழற்றிய சைலன்சர்கள் கிடக்கும். ஐந்தாறு லிட்டர் என்ஜினுக்காகச் செய்த அந்த உருளை, அரை லிட்டருக்கும் குறைவான வாஷர் என்ஜினுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரியது. குறுகிய குழாயிலிருந்து அதன் அகன்ற வாய்க்குள் புகை நுழைவதே ஒரு கூடுதல் அறையின் பலனைத் தரும். எதிர் அழுத்தமும் ஏறாது. துரு தின்று ஓட்டை விழாத ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். உள்ளே தகடு கழன்றிருந்தால் குலுக்கும்போதே சலசலக்கும். அதை என்ஜினின் புகைவாயில் நேரே தொங்கவிட்டால் அதிர்விலும் எடையிலும் சில வாரங்களில் ஃபிளேஞ்ச் முறிந்துவிடும். சைலன்சருக்குத் தனிக் கால்கள் அடித்து, என்ஜினுக்கும் அதற்கும் நடுவே நெளியும் உலோகக் குழாயைப் போட வேண்டும். மூட்டில் கேஸ்கெட் சரியில்லாமல் ஒரு பட்டாணி அளவு கசிவு இருந்தாலும் சத்தம் அந்த வழியாகவே வந்துவிடும். சைலன்சர் சும்மா கிடக்கும். வெளிவாயை மேல்நோக்கி விட்டால் மழைநீர் இறங்காமல் சாய்வாக வெட்ட வேண்டும்.

எதிர் அழுத்தத்தைக் கவனிக்காமல் குழாயை நெருக்கிச் சத்தத்தைக் குறைக்கலாம். என்ஜின் கரும்புகை கக்கும், சூடேறும், டீசலை அதிகம் குடிக்கும். மாட்டிய பிறகு புகையின் நிறம் மாறினால் அந்தச் சைலன்சர் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

உறிஞ்சு வாயின் ஓசையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏர் ஃபில்டர் கழன்ற என்ஜினை ஒருமுறை கேட்டவர்களுக்கு அது புரியும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு மூடிய பெட்டியை வைத்து, சற்று நீண்ட ரப்பர் குழாயால் காற்றை இழுத்தால் அந்த உறுமல் அடங்கும். செலவு சொற்பம்.

ஃபேன் அப்படி எளிதில் அடங்குவதில்லை. காற்றால் குளிரும் என்ஜினில் ஃபேனை நிறுத்தவும் முடியாது, முழுக்க மூடவும் முடியாது. இந்தச் சமவெளியின் கோடையில் 40 டிகிரி வெயில் அசாதாரணமில்லை. எரிபொருளின் ஆற்றலில் மோட்டாமோட்டாக மூன்றில் ஒரு பங்கு அச்சுக்கும், ஒரு பங்கு புகைக்கும், ஒரு பங்கு குளிர்விப்புக்கும் போகிறது. 10 எச்.பி. வேலை வாங்கினால் சுமார் ஏழரை கிலோவாட் வெப்பம் என்ஜின் உடலிலிருந்து வெளியேறியாக வேண்டும். காற்று 15 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றால் நொடிக்கு அரை கனமீட்டருக்குச் சற்றுக் குறைவான காற்று ஓட வேண்டும். அத்தனை காற்று போகும் வழியில் சத்தமும் போகும்.

இதற்கு ஒரு மாற்று வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் கையிலேயே இருக்கிறது. கிணற்றுப் பாசனத்துக்கு ஓடிய பழைய ஆயில் என்ஜின்களில் பலவும் நீரால் குளிர்பவை; 5 எச்.பி., 1,500 சுற்று என்பது அவற்றில் பரிச்சயமான அளவு. பம்பு இறைக்கும் நீரில் ஒரு கிளையை என்ஜினுக்குள் விட்டு வெளியே எடுப்பார்கள். கழுவும் நிலையத்தில் தண்ணீர்த் தொட்டி எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 15 லிட்டரை என்ஜின் வழியாகச் சுற்ற விட்டால் 5 எச்.பி.க்கான வெப்பத்தை அது மூன்று நான்கு டிகிரி ஏற்றத்தோடு வாங்கிக்கொண்டு போய்விடும். இளஞ்சூட்டு நீர் கிரீஸ் படிந்த இடத்துக்குச் சாதாரண நீரைவிட நல்லதும்கூட. ஃபேன் இல்லை, சுற்று பாதி, சிலிண்டரைச் சுற்றி நீர்ச்சட்டை வேறு. மூன்றும் சேர்ந்து அதிவேக ஏர்கூல்டு என்ஜினைவிடத் தெளிவாகவே தணிந்த ஓசையைத் தரும். எடை அதிகம் என்பதால் நடமாடும் சேவைக்கு இது ஆகாது. இன்னொரு தொல்லை இந்த மண்ணுக்கே உரியது. சேலம், நாமக்கல் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பும் சுண்ணமும் அதிகம். டீக்கடைக் கெட்டிலில் படியும் வெள்ளை என்ஜினின் நீர்ச்சட்டையிலும் படியும். படிந்தால் குளிர்விப்பு படுத்துவிடும். நல்ல நீரைத் தனித் தொட்டியில் நிரப்பி அதையே சுற்றவிட்டு, அந்தத் தொட்டியைக் கழுவும் நீரில் அமிழ்த்தி வைப்பது பாதுகாப்பு.

அடுத்தது அதிர்வு. என்ஜினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினால் சட்டமும் தளமும் தகரக் கூரையும் ஒலிபெருக்கியாகிவிடும். டயர்த் துண்டை அடியில் கொடுப்பது வழக்கமான வைத்தியம். அது வேலை செய்கிறதா என்பது எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பொறுத்தது. எடை ஏறும்போது ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பரின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 16. நான்கு மில்லிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு 8. என்ஜின் 1,500 சுற்றில் நொடிக்குப் பன்னிரண்டரை முறை உதைக்கிறது. 16-இல் ஆடும் ரப்பரில் வைத்தால் அந்த உதை குறைவதற்குப் பதில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். லாரி டயர்த் துண்டில் நூலும் கம்பியும் இருப்பதால் அது மில்லிமீட்டர்கூட அமுங்காது. பல இடங்களில் டயர்த் துண்டுக்குப் பிறகு சட்டம் அதிகமாகக் குதிப்பதன் காரணம் இதுதான். நான்கு ஐந்து மில்லிமீட்டர் அமுங்கும் என்ஜின் மவுன்ட் ரப்பர் வேண்டும். என்ஜினும் பம்பும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் தளர்ந்து இழுபடும். சட்டத்தின் எடையைக் காங்கிரீட் கொட்டிக் கூட்டினால் ஆட்டத்தின் வீச்சு இன்னும் சுருங்கும். ரப்பரில் உட்கார்ந்த சட்டத்திலிருந்து இரும்புக் குழாய் நேரே சுவருக்குப் போனால் எல்லாம் வீண்; நீர் வரும் வழி, போகும் வழி, டீசல் வழி மூன்றிலும் ஓர் அடியாவது ஹோஸ் இருக்க வேண்டும்.

பம்பின் ஓசை பெரும்பாலும் பராமரிப்புக் குறையின் ஓசை. உறிஞ்சு குழாய் குறுகியிருந்தாலும் ஃபுட் வால்வில் குப்பை அடைத்தாலும் பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி உடையும். டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவதுபோலக் கேட்கும். அது சத்தத்தோடு பம்பின் ஆயுளையும் தின்கிறது. தொட்டியைப் பம்பைவிட உயரத்தில் வைத்தால் தீர்ந்தது. கன்னை விட்டவுடன் நீர் பைபாஸில் சுற்றும்போது என்ஜின் சும்மா முழு வேகத்தில் ஓடுவது இன்னொரு வீண் இரைச்சல். சோப்பு தேய்க்கும் நேரமெல்லாம் இப்படியே போகிறது. பைபாஸ் திறந்ததும் திராட்டிலைத் தானாக இறக்கும் சிறு சாதனம் சில இயந்திரங்களோடு வருகிறது. இல்லாத இடத்தில் திராட்டில் கேபிளை நீட்டி ஆளின் கைக்கு எட்டும்படி வைக்கலாம்.

கடைசியில்தான் பெட்டி. எல்லோரும் முதலில் நினைப்பது பெட்டியைத்தான். 1.6 மி.மீ. இரும்புத் தகட்டின் எடை சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. ஒலியை மறைக்க அது தாராளம். உள்ளே 50 மி.மீ. ராக்வுல் வைத்து ஓட்டைத் தகட்டால் மூடினால் பெட்டிக்குள்ளேயே ஒலி முட்டிமோதிப் பெருகாது. பாடி பில்டிங் பட்டறைக்காரருக்கு இது அரை நாள் வேலை. ஆனால் பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எத்தனை கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபல்தான். காற்றுக்கு வழி விட்டே ஆக வேண்டும் என்பதால் அந்த வழியை நேராக விடாமல் இரண்டு முறை வளைத்து, வளைவின் உட்புறமும் பஞ்சால் மூட வேண்டும். என்ஜினைத் தொட்டு வரும் சூடான காற்று திரும்ப உள்வாய்க்கு வராதபடி தனிக் குழலில் வெளியேற வேண்டும். சூடான காற்றையே சுற்றிச் சுற்றி உறிஞ்சிக் கருகிய என்ஜின்களுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரப் பெட்டிகள். நனைந்த ராக்வுல் உதவாது; டீசல் ஊறிய ஃபோம் தீப்பிடிக்கும். நீர்தெளிக்கும் இடத்தில் பெட்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும், டீசல் டேங்க் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். நீரால் குளிரும் என்ஜினுக்குப் பெட்டி செய்வது எவ்வளவு சுலபம் என்பது இப்போது விளங்கும்.

பணமே செலவாகாத வழி தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 95 டெசிபல் தரும் என்ஜின் 16 மீட்டரில் 71-க்கு வந்துவிடும். ஹோஸை நீட்டினால் அழுத்தம் சிறிது போகும். கழுவுபவரின் காதுக்கு அதைவிடப் பெரிய லாபம். இருக்கும் இடமும் முக்கியம். மூன்று பக்கம் சுவரும் மேலே தகரமும் உள்ள கொட்டகையில் மூலையில் வைத்த என்ஜின், திறந்த பக்கத்தை நோக்கி ஊதும் குழல். அந்தப் பக்கம் குடியிருப்பைப் பார்க்காமல் நெடுஞ்சாலையைப் பார்க்க வேண்டும். என்ஜினைப் பக்கத்து வீட்டுச் சன்னலின் கண்ணிலிருந்து மறைக்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்து டெசிபலுக்குக் குறையாமல் தடுக்கலாம், அது என்ஜினுக்கு அருகில் இருந்தால். தாழ்ந்த ‘டம் டம்’ சுவரை வளைந்து தாண்டிவிடும். மீட்டரின் ‘ஏ’ அளவுகோல் 30 ஹெர்ட்ஸில் சுமார் 40 டெசிபலைக் கழித்துவிட்டே எண்ணைக் காட்டுகிறது. மீட்டர் குறைவாகக் காட்டும்போதும் பக்கத்து வீட்டுச் சன்னல் கண்ணாடி நடுங்குவது அதனால்தான்.

கோழிப் பண்ணையில் கணக்கு கொஞ்சம் மாறும். முட்டைக் கோழிகள் ஒரு பேட்ச் போனதும் காலி ஷெட்டைக் கழுவும்போது அடுத்த ஷெட்டில் உயிரோடு கோழிகள் இருக்கும். தொடர்ந்து கேட்கும் மிதமான சத்தத்துக்குக் கோழி பழகிவிடும்; திடீரென்று எழும் சத்தத்துக்கு மிரண்டு கூண்டில் அடித்துக்கொள்ளும். என்ஜினைத் தள்ளி வைத்து, தாழ்ந்த வேகத்தில் ஸ்டார்ட் செய்து மெல்ல ஏற்ற வேண்டும். சத்தம் வெளியே போகாதிருக்க என்ஜினை ஷெட்டுக்குள் கொண்டுபோய் மூடிவிட்டுக் கழுவுவது உயிரைப் பணயம் வைப்பது. பெட்ரோல் என்ஜினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

சட்டம் இந்தக் கருவியைத் தனியாகக் கண்டுகொள்ளவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடத்துக்குத்தான் எல்லை வைக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 65, 55, தொழிற்பகுதியில் 75, 70. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை. டீசல் ஜெனரேட்டருக்கோ இயந்திர அளவிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. 2005 முதல் செய்த 1,000 கே.வி.ஏ. வரையிலான ஜெனரேட்டர் ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதே என்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றினால் கூண்டுக்குள் போகிறது, பம்பைச் சுழற்றினால் வெட்டவெளியில் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறை உயர் அழுத்த நீர்க் கருவிகளுக்கு எல்லை விதிக்காவிட்டாலும், ஒலி அளவை அளந்து இயந்திரத்தில் ஒட்டியே விற்க வேண்டும் என்கிறது. வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒட்டுச்சீட்டு உதவுகிறது. அதை இங்கே கொண்டுவரப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுவது நீரின் ஓசை. பீய்ச்சும் நீர் டேங்கரின் வெற்று வயிற்றிலும் மட்கார்டிலும் அறையும் சத்தத்தை எந்தச் சைலன்சரும் தொடாது. நாசிலைத் தகரத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிப்பதும் ஒற்றைக்கோட்டு நாசிலுக்குப் பதில் விசிறி நாசில் போடுவதும் ஓரளவு குறைக்கும். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று அனுமதிக்கின்றன. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 85-க்கு மேல் வேண்டாம் என்கிறது. காது மந்தமாவது உயர்ந்த ஒலிகளில் தொடங்குவதால், பேச்சு கேட்கும், ‘ச’வும் ‘த’வும் மட்டும் தெளிவில்லாமல் போகும், சம்பந்தப்பட்டவருக்கே பல ஆண்டுகள் தெரியாது. ஃபோம் செருகியோ காதுமூடியோ கன் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் காதில் இருக்க வேண்டும். அதே நேரம், ரிவர்ஸ் வரும் லாரியின் ஹார்ன் காதடைத்தவருக்குக் கேட்காது. ரேம்ப்பில் வண்டி ஏறி இறங்கும்வரை கன்னைக் கீழே வைத்து, காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கி, கழுவுபவர் டிரைவரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும்.